மில்லிமீட்டர் கீபோர்டு வாங்கப் போன சனிக்கிழமை

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. மேலாளர்கூட மில்லிமீட்டர் என்றுதான் சொல்வார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றால் ஐந்துதான் இருக்க வேண்டும். ஆறு இருந்துவிட்டால் அன்றைக்கு யாரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர முடியாது. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள், அவர் இரும்பு அளவுகோல் வைத்திருப்பார்.

நான் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். பதினாறு வருஷமாக அவரையும் அவருடைய கருவிப் பெட்டியையும் கட்டடம் கட்டடமாக ஏற்றி இறக்கியிருக்கிறேன். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் தன் வீட்டைப் பற்றி அதே நினைப்புத்தான்.

போன வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கதவின் பெல்ட்டை மாற்றும்போது அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. யார்மேலும் தப்பில்லை, ஒரு நொடி கவனம் பிசகிவிட்டது என்று அவரே சொல்வார். மூன்று விரல் முறிந்தது. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, விரல்கள்தான் மடங்கவில்லை. ஸ்பானரைப் பிடித்தால் நழுவி விழுந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கை, திருக ஒரு கை வேண்டிய தொழில் எங்களுடையது. மனிதர் இடிந்துபோய் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பிசியோதெரபி செய்கிற அம்மா ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். இரண்டே வாரத்தில் இவருக்கு அது அலுத்துவிட்டது. அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்.

"வீட்ல கீபோர்டு இருக்கா? தினமும் அரை மணி நேரம் வாசிச்சுப் பாருங்களேன். ஒவ்வொரு விரலும் தனியா வேலை செய்யும். ஆனா பொம்மை மாதிரி லேசா அமுங்கறது வாங்கிடாதீங்க. பியானோ மாதிரி கொஞ்சம் எதிர்த்து நிக்கணும். அப்பத்தான் விரலுக்குப் பலம் வரும்."

மில்லிமீட்டருக்கு அது போதும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, சந்தையில் இருக்கிற கீபோர்டுகளையெல்லாம் வரிசையாக எழுதினார். அறுபத்தொரு கட்டை, எழுபத்தாறு கட்டை, எண்பத்தெட்டுக் கட்டை. கட்டைக்குள் ஸ்பிரிங்கா, எடையா? பெடல் மாட்ட ஓட்டை உண்டா? ஹெட்ஃபோனுக்கு உண்டா? விடுப்பில் இருந்ததால் பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு விலையை எழுதி, அதன்கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே இருந்ததையெல்லாம் ஈவு இரக்கமில்லாமல் அடித்துவிட்டார்.

அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, அந்த நோட்டைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். எறும்புத் தலை அளவு திருகாணிகளை நாளெல்லாம் திருப்புகிற வேலை. நான் வீட்டுக்குப் போனால் "வாங்க" என்பார், காபி தருவார், கிளம்பும்போது "பார்த்து ஓட்டுங்க" என்பார். அவ்வளவுதான். அதிகம் பேசமாட்டார் என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்தோம்.

இங்கே அவருடைய விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணிக்கு விரல்கள் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேஜைமேல், பஸ் ஜன்னல் விளிம்பில், மடிமேல் வைத்த கைப்பையில் என்று பத்து விரலும் தாமாக அசைந்துகொண்டிருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இதைக் கவனித்த மில்லிமீட்டர் அரண்டுபோனார். லென்ஸ் வேலைக்குக் கை நடுங்கினால் என்ன ஆவது? நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர்களை வேனில் கொண்டுபோய் விட்டவன் நான்தான். அண்ணி வழியெல்லாம் "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் இரண்டு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மில்லிமீட்டர் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் கடைக்குப் போனோம். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். முதல் மாடியில் நீளமான கூடம். இரண்டு பக்கமும் கீபோர்டுகள் ஸ்டாண்டில் வரிசைகட்டி நின்றன. விற்பனைப் பெண் துறுதுறுவென்று இருந்தாள். வாய் ஓயவில்லை.

"இது பாருங்க சார், அறுநூறு வகை சத்தம் இருக்கு. ரயில் சத்தம், மழை சத்தம்கூட வரும். இந்தப் பட்டனை அமுக்கினா தாளம் தானா ஓடும். விலையும் கம்மி."

பட்டனை அமுக்கினாள். மேளமும் கிதாருமாக ஒரு கூட்டமே உள்ளே உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. எனக்கு அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றியது. மில்லிமீட்டர் பையிலிருந்து ஒரு பிடி நாணயத்தை எடுத்து, நடுவில் இருந்த வெள்ளைக் கட்டையின் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"எடை பாக்கறேன்மா."

நான்காவது நாணயத்தில் கட்டை தாழ்ந்தது. நோட்டில் நான்கு என்று எழுதினார். அடுத்ததில் ஐந்து. கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசி வரிசையில் எண்பத்தெட்டுக் கட்டையோடு இரண்டு இருந்தன. இரண்டிலும் பளபளப்பு ஒன்றும் கிடையாது. திரை இல்லை, தாளம் இல்லை, ஏழெட்டுச் சத்தம்தான். எட்டு நாணயம் வைத்தும் கட்டை அசையவில்லை. ஒன்பதாவதில் மெதுவாகச் சாய்ந்தது. மில்லிமீட்டர் இடது கையின் நடுவிரலால் அதை அமுக்கிப் பார்த்தார். அடிபட்ட பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியைப் பார்த்தேன்.

"ஏம்பா, இங்க வந்து தொட்டுப் பாரு. அங்க இருந்ததெல்லாம் ஸ்பிரிங். அமுக்க அமுக்க முரண்டு பிடிக்கும். இது அப்படி இல்ல. உள்ள ஒரு எடை ஏறி இறங்குது. நம்ம லிஃப்டோட எதிர் எடை மாதிரியே வேலை செய்யுது!"

இரண்டுமே சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தன. ஒன்று கோட்டை உரசிக்கொண்டு நின்றது, மற்றது கொஞ்சம் மலிவு. நாணயக் கணக்கு இரண்டிலும் ஒன்று. எனவே மலிவானதையே எடுத்துவிடலாம் என்றார்.

"நல்ல தேர்வு சார். உள்ள ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் விற்பனைப் பெண்.

"ஒண்ணு இல்லம்மா."

சொன்னது யார் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. அண்ணிதான். ஜன்னல் பக்கத்திலிருந்து வந்து நின்றிருந்தார்.

"மலிவா இருக்கறதுல ஒரே சமயத்துல சேர்ந்து ஒலிக்கிற சத்தம் கம்மி. பெடலை அமுக்கிக்கிட்டு வாசிச்சா, முன்னாடி வந்த சத்தம் பாதியில அறுந்து போயிடும்."

"அது சாதாரணமா காதுக்குத் தெரியாது மேடம்."

"தெரியும்" என்றார் அண்ணி.

பிறகு கைப்பையை என்னிடம் நீட்டினார். மோதிரத்தைக் கழற்றி அதற்குள் போட்டார். மலிவான கீபோர்டின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அதை இரண்டு தரம் முன்னும் பின்னும் நகர்த்தினார். காலால் பெடலைத் தேடிப் பிடித்தார். சத்தத்தைக் குறைத்தார். மணிக்கட்டைத் தூக்கி வைத்தார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. கேட்டதை மட்டும் சொல்கிறேன். முதலில் இடது கை தனியாகப் போனது, காலியான பெரிய கட்டடத்தில் ஒருவர் நிதானமாக நடந்து வருவதுபோல. பிறகு வலது கை சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு இரண்டு கையா நான்கு கையா என்று எனக்குப் புரியவில்லை. விரல்கள் ஓடின, தாண்டின, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கின. இரண்டு இடத்தில் தடுமாறினார். "ப்ச்" என்று சொல்லி, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சரியாக வாசித்துவிட்டு மேலே போனார். ரயில் சத்தத்தை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்த ஒருவர்கூடக் கையை எடுத்துவிட்டார்.

நடுவில் சட்டென்று நிறுத்தி நிமிர்ந்தார். "இதோ இங்க. அடியில போய்க்கிட்டிருந்த சத்தம் அறுந்துடுச்சு. கேட்டுதா?"

எங்களுக்கு எங்கே கேட்டது! எழுந்து பக்கத்தில் இருந்ததற்குப் போய் அதே பகுதியை வாசித்தார். "இதுல அறுபடல. இதையே எடுங்க. இடது பக்கக் கட்டை இன்னும் கொஞ்சம் கனமாவும் இருக்கு. உங்க கைக்கு அதுதான் நல்லது."

இதையெல்லாம் காய்கறி பொறுக்குகிற குரலில் சொன்னார்.

நான் மில்லிமீட்டரைப் பார்த்தேன். பேயறைந்தவர்போல நின்றிருந்தார். கையிலிருந்த நாணயங்கள் தரையில் விழுந்து உருண்டுகொண்டிருந்தன, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. லிஃப்ட் கதவு விரலைக் கவ்வியபோதும் நான் பக்கத்தில் இருந்தேன். அப்போதுகூட அவர் முகம் இப்படிப் போகவில்லை.

"நீ... இதை எப்போ கத்துக்கிட்டே?"

"ஏழு வயசுல."

"ஏழு வயசுலயா? எவ்வளவு நாள்?"

"கல்யாணம் வரைக்கும். பதினாறு வருஷம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

அண்ணி என் கையிலிருந்து பையை வாங்கி மோதிரத்தைத் தேடிக்கொண்டே, "சொன்னேங்க" என்றார்.

"எப்போ?"

"கல்யாணமான ரெண்டாவது வாரம். அந்த மாடி வீட்ல இருந்தோமே, அங்க. எங்க மாமா வீட்ல இருக்கிற பியானோவை இங்க கொண்டு வரலாமான்னு கேட்டேன்."

"அந்தப் படிக்கட்டுத் திருப்பம்!" என்றார் மில்லிமீட்டர் உடனே. "நாலு சென்டிமீட்டர் பத்தலை."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"ஆமா, நாலு சென்டிமீட்டர்" என்றார் அண்ணி. "படம் போட்டே காட்டினீங்க. எந்தப் பக்கம் சாய்ச்சாலும் திரும்பாதுன்னு சொன்னீங்க. அப்புறம் மாமாவுக்கு நீங்களே போன் பண்ணி, இடம் பத்தாது, யாருக்காவது குடுத்துடுங்கன்னுட்டீங்க. அவரும் குடுத்துட்டார்."

"அது உங்க மாமா வீட்டு சாமான்னுல்ல நினைச்சேன்... அது உன்னோடதா?"

"யாரு வாசிக்கறதுன்னு நீங்க கேக்கவே இல்லையே."

விற்பனைப் பெண் தரையில் குனிந்து நாணயம் பொறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். எனக்கும் குனிந்துகொள்ளலாம்போல் இருந்தது. அண்ணியின் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மில்லிமீட்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எதையோ கணக்குப் போடுவதுபோல் இருந்தது. திடீரென்று தலையைத் தூக்கினார்.

"அப்ப அந்த விரல்... டாக்டர்கிட்ட போனோமே..."

"வாசிச்சுக்கிட்டிருந்தேன்."

"மாத்திரை?"

"சாப்பிட்டேன். கசப்பு தாங்கல."

"ஏன்மா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க அவ்வளவு பயந்துபோயிருந்தீங்க. வாசிக்கிறேன்னு சொன்னா எதைன்னு கேப்பீங்க. வீட்ல இல்லாத ஒண்ணைன்னு சொன்னா, நரம்பு டாக்டரை விட்டுட்டு வேற டாக்டர்கிட்டல்ல கூட்டிப் போயிருப்பீங்க?"

நான் சிரித்துவிட்டேன். விற்பனைப் பெண்ணும் சிரித்தாள். மில்லிமீட்டர் சிரிக்கவில்லை.

கோட்டை உரசிக்கொண்டிருந்ததையே வாங்கினோம். நானும் கடை ஆளும் வேனில் ஏற்றினோம். பாதி தூரத்தில் வெளியூரில் வேலை பார்க்கிற அவருடைய மகள் போன் செய்தாள். கை எப்படி இருக்கிறது என்று வாராவாரம் கேட்கிற பெண். போனை எடுத்த மில்லிமீட்டர், "உங்க அம்மா பியானோ வாசிக்கிறாம்மா" என்றார், ஏதோ விபத்துச் செய்தி சொல்வதுபோல.

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"தெரியுமேப்பா."

"என்னது?"

"நான் ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழா ஒத்திகைக்கு மியூசிக் டீச்சர் வரல. அம்மாதான் உட்கார்ந்து வாசிச்சாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் வாயைப் பிளந்துட்டாங்க. நான் வீட்டுக்கு ஓடி வந்து முதல்ல உங்ககிட்டத்தான் சொன்னேன். நீங்க பாத்ரூம் கதவு தரையில உரசுதுன்னு அளந்துக்கிட்டிருந்தீங்க. 'அப்படியா, வெரி குட்'னு சொன்னீங்களே."

அவர் போனை மடியில் வைத்துவிட்டார். மகள் "அப்பா? அப்பா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். அண்ணி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் அசையவில்லை.

இனி எல்லாம் நல்லபடியாகப் போகும் என்று நினைத்தேன். மில்லிமீட்டர் தன் பாணியில் பரிகாரம் தேடப் புறப்பட்டார். மறுநாளே அடுக்ககத்தில் இருந்த நான்கு குடும்பத்தையும் என்னையும் என் மனைவியையும் வரச் சொல்லிவிட்டார். நாற்காலி கடன் வாங்கிக் கூடத்தில் வரிசையாகப் போட்டார், வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளி விட்டு. எல்லோரும் உட்கார்ந்ததும் அண்ணியைப் பார்த்து, "வாசிம்மா" என்றார்.

அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார். முகம் சிவந்துபோயிருந்தது.

"இத்தனை வருஷம் உங்களுக்குத் தெரியாம இருந்ததை நேத்து கண்டுபிடிச்சீங்க. இன்னைக்கு ஊரைக் கூட்டிட்டீங்க" என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. "நான் என்ன காட்சிப் பொருளா? என்கிட்ட இருந்ததுல பாதிக்கு மேல மறந்துபோச்சு. கடையில தடுமாறினேனே, அந்த இடம் ஒரு காலத்துல எனக்குத் தூக்கத்துலகூட வரும். அதை இவங்க முன்னாடி உட்கார்ந்து நான் வாசிக்கணுமா? கேட்டீங்களா என்னை? ஒரு தரமாவது கேட்டீங்களா?"

அண்ணி சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். ஐந்து நிமிஷத்தில் கூடம் காலியாகிவிட்டது. மில்லிமீட்டர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்.

அதன்பிறகு மூன்று வாரம் அண்ணி கீபோர்டைத் தொடவில்லை. "உங்க கைக்கு வாங்கினது, நீங்க வாசிங்க" என்றார். இவரும் காலை மாலை அரை மணி நேரம் இடது கையால் ஒரே ஐந்து கட்டையை மேலும் கீழும் அமுக்கினார். கேட்கச் சகிக்காது. ஆனால் விரல் மடங்கத் தொடங்கியது.

நான்காவது வாரம் ஒரு மாலையில் கையெழுத்து வாங்க ஒரு கம்பெனித் தாளோடு போனேன். மில்லிமீட்டர் வாயில் விரலை வைத்து என்னை உள்ளே விட்டார். கூடத்தில் அண்ணி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே இசை எதுவும் வரவில்லை. கட்டைகள் தட்டுப்படுகிற தொம் தொம் என்ற ஓசை மட்டும்தான். அடுத்த அறையில் தரையில் உட்கார்ந்து அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

"என்ன வாசிக்கிறாங்க அண்ணே?"

"தெரியலப்பா."

"கேக்கலாமே?"

"கேட்டேன். தன் கை பழையபடி திரும்பட்டும், அப்புறம் நீங்களே கேக்கலாம்னா. எப்போன்னு நான் கேக்கல."

அப்படியே இரண்டு மாதம் போயிற்று. அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மோதிர விரல் மட்டும் இன்றைக்கும் முழுக்க மடங்குவதில்லை. ஸ்பானர் நிற்கிறது, அது போதும் என்கிறார்.

ஒரு திங்கட்கிழமை காலை வேனில் ஏறினவர் கருவிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்றேன்.

"நேத்து மத்தியானம் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டா. கடையில வாசிச்சாளே, அதை முழுசா வாசிச்சா. எங்கேயும் நிக்கல."

"நல்ல விஷயம்தானே அண்ணே. அதுக்கு ஏன் இப்படி இருக்கீங்க?"

"முடிச்சதும் நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். உனக்கு யாரு கத்துக் குடுத்தாங்கன்னு. அவ்வளவுதான்ப்பா. ரெண்டு மணி நேரம் பேசினா. ஒரு தபால்காரரோட சம்சாரமாம் அந்த டீச்சர். விரலுக்குப் பலம் வரணும்னு கையில ரப்பர் பேண்டு போட்டுத்தான் உட்கார வைப்பாங்களாம். ஒரு பரீட்சையில ஒரு கட்டை மேலேயே வராம மாட்டிக்கிச்சாம், இவ அந்தக் கட்டையைத் தொடாமலே மொத்தத்தையும் வாசிச்சு முடிச்சிருக்கா. பரிசு வாங்கியிருக்கா. அழுதிருக்கா, சண்டை போட்டிருக்கா, ஒரு தடவை வீட்டை விட்டே ஓடியிருக்கா. என் பெண்டாட்டிப்பா! வீட்டை விட்டு ஓடியிருக்கா!"

முதல் கட்டடம் வந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"படபடப்பு இன்னும் அடங்கல" என்றார். "ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கேன். இன்னும் எவ்வளவு இருக்கோ?"